இளம் குவார்ட்டர்பேக் தடுமாறும்போது எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தாக்குதல் அணி முடங்கிப்போனால் பழி முதலில் விழுவது பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக்கின் தலையில்தான். அவர் கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த இளைஞராக இருந்தால், நான்கு தோல்விகளுக்குள் அவர் தேற மாட்டார் என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். அதே இளைஞர் அடுத்த ஆண்டு தாக்குதலை வகுக்கும் வேறொரு ஒருங்கிணைப்பாளரிடம் போய் வெளுத்து வாங்குவதை, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் ரசிகர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். பிழை அவருடைய கையில் வெளிப்படுகிறது என்பதாலேயே அது அங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடாது. அவரிடம் என்ன செய்யச் சொன்னார்கள், எந்த நொடியில் அது குலைந்தது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதே இந்த வழிமுறையின் நோக்கம். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுப்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஊன்றிப் பார்ப்பவருக்கும் இது பயன்படும்.

அறிகுறியைத் தேடுவதற்கு முன்

தொலைக்காட்சியில் வரும் படம் இதற்குப் போதாது. அந்தக் கேமரா பந்தையே பின்தொடர்வதால், ஸ்னாப் ஆன (பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு அனுப்பப்பட்ட) ஒரு நொடியில், பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் திரையை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். யார் தனியாக நின்றார், யார் மூடப்பட்டிருந்தார் என்பது தெரியாமலேயே நாம் குவார்ட்டர்பேக்கைத் திட்டிக்கொண்டிருப்போம். இருபத்திரண்டு பேரும் தெரியும் உயரக் கோணப் படமும், ஒரு நிறுத்துக் கடிகாரமும் வேண்டும். தோற்றுப்போன ஒவ்வொரு பாஸ் பிளேயையும் (பந்தை எறியும் ஆட்ட நகர்வையும்) நான்கு கட்டங்களில் எது கெடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிளே என்ற அழைப்பு வந்ததிலிருந்து ஸ்னாப் வரை, ஸ்னாப்பிலிருந்து அவர் பின்வாங்கிப் பின்னங்காலை ஊன்றும் வரை, ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டு நீங்கும் வரை, பிறகு பந்து பறக்கும் நேரம்.

குறிக்கும்போது விளைவைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்துப் பறிபோன பந்து சரியான பாஸாக இருக்கலாம். நாற்பது யார்டு கிடைத்த பாஸ், இரண்டு தற்காப்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டதால் தப்பிய தவறான முடிவாக இருக்கலாம். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) பத்து யார்டுக்கு மேல் தேவைப்பட்ட பிளேகளை முதல் கணக்கில் சேர்க்காமல் தனியாக ஒதுக்கி வையுங்கள். அந்த நிலையில் அனுபவசாலிகளும் பெரும்பாலும் தோற்கிறார்கள் என்பதால், அதை வைத்து முறை பொருந்துகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அந்த நிலைக்கு அணியைக் கொண்டுவந்து விட்ட முதல் டவுன் எப்படி ஆடப்பட்டது என்பதுதான் பார்க்க வேண்டியது.

அறிகுறி: நேரம் கடந்து தண்டக் கொடி விழுகிறது, டைம் அவுட்கள் வீணாகின்றன

இது முதல் கட்டத்துப் பிழை, சரிசெய்யவும் எளிது. என்.எஃப்.எல்.லில் ஒரு பிளே முடிந்ததும் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியாளர் பேசலாம். ஆனால் கடிகாரத்தில் 15 வினாடி எஞ்சும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். கல்லூரியில் பெரும்பாலான இளைஞர்கள் ஹடில் (பிளேக்கு முன் அழைப்பைக் கேட்கக் கூடும் வட்டம்) கூடாமல், எல்லைக்கோட்டிலிருந்து காட்டப்படும் படத்தையோ கைச்சைகையையோ பார்த்து ஆடிப் பழகியவர்கள். அவர்களிடம் திடீரென்று பன்னிரண்டு சொற்கள் கொண்ட அழைப்பை ஹடிலில் ஒப்பிக்கச் சொன்னால், பந்தைத் தொடுவதற்கு முன்பே மூளை களைத்துப்போகும்.

மணிக்கட்டுப் பட்டையில் எண்ணிட்ட பிளே பட்டியல், ஒரே சொல்லில் முடியும் அழைப்புகள், ஆட்டத்தின் ஒரு பகுதியையாவது ஹடில் இல்லாமல் நடத்துவது ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் போதும். 2024-இல் வாஷிங்டன் அணி கிளிஃப் கிங்ஸ்பரியை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டுவந்து, பிறகு ஜேடன் டேனியல்ஸைத் தேர்ந்தெடுத்தபோது, ஷாட்கன் நிலையும் (சில யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குவது) ஹடில் இல்லாத வேகமும் அந்த இளைஞருக்கு ஏற்கெனவே கைவந்தவையாக இருந்தன. முந்தைய ஆண்டு 4 வெற்றி, 13 தோல்வி என்றிருந்த அணி 12 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. அழைப்பைச் சுருக்கியதால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பந்து வைக்கப்படும் கோட்டுக்கு முன்கூட்டியே வந்து நின்று தற்காப்பு அணியைப் பார்க்க நேரம் கிடைக்கும் குவார்ட்டர்பேக்கும், கடைசி நொடியில் வந்து சேர்பவரும் ஒன்றல்ல.

அறிகுறி: பந்து எப்போதும் அரை நொடி தாமதமாகவே கையை விட்டுப் போகிறது

இதுவே எல்லாவற்றிலும் அதிகம் காணப்படும் அறிகுறி. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஒரு பிளேயை அருகில் வைத்துப் பார்ப்போம். குவார்ட்டர்பேக், பந்தை எடுத்துத் தரும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று அதை வாங்கி, ஐந்து காலடி பின்வாங்குகிறார். இடப்பக்க ரிசீவர் சுமார் பதினைந்து யார்டு நேராக ஓடிப்போய் உட்பக்கமாக வெட்டித் திரும்ப வேண்டும். ஐந்தாவது அடியில் பின்னங்கால் ஊன்றியதும், முன்னே ஒரு சிறு எட்டு வைத்துப் பந்து புறப்பட வேண்டும். அந்தக் கணத்தில் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார், அவருடைய முதுகுதான் தெரியும். அனுபவசாலி முதுகைப் பார்த்தே எறிகிறார். இளைஞரோ ரிசீவரின் மார்பும் முகமும் தெரியும் வரை காத்திருக்கிறார், ஏனென்றால் கல்லூரியில் ரிசீவர்கள் அவ்வளவு தூரம் விலகித் தனியாக நிற்பார்கள். அந்த அரை நொடியில், ஆழத்தில் நிற்கும் தற்காப்பாளரான சேஃப்டி முன்னால் பாய்ந்து வந்துவிடுகிறார்.

இங்கே சோதனை எளிது. தாமதம் எல்லா வகைப் பாஸிலும் இருக்கிறதா, அல்லது ஐந்தடி, ஏழடிப் பின்வாங்கல்களில் மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருந்தால் அவருக்கு இன்னும் தற்காப்பு அமைப்பே புரிபடவில்லை. நீண்ட பின்வாங்கல்களில் மட்டும் இருந்தால், அவர் நம்பத் தயங்கும் பாஸை நாம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜாரெட் காஃபின் கதையை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் 2016 தேர்வில் முதல் ஆளாக ராம்ஸ் அணி அவரை எடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷாட்கனில் நின்று, ஹடில் இல்லாமல், களம் முழுக்க ரிசீவர்களைப் பரப்பி ஆடியவர் அவர். பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பருவம் முடியுமுன்பே நீக்கப்பட்ட அந்த முதல் ஆண்டில் ஏழு ஆட்டங்களில் தொடக்க வீரராகக் களமிறங்கி ஏழிலும் தோற்றார். 5 டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைப் பகுதியில் சேர்ந்தவை), 7 இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பறித்தவை). அணி அந்த ஆண்டு எடுத்தது வெறும் 224 புள்ளிகள், லீக்கிலேயே கடைசி. 2017 ஜனவரியில் முப்பது வயது ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டே 478 புள்ளிகள், லீக்கிலேயே முதலிடம். காஃபுக்கு 28 டச்டவுன்கள், 7 இன்டர்செப்ஷன்கள்.

இதைப் பலரும் கல்லூரி முறையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். நடந்தது ஏறத்தாழ அதற்கு நேர்மாறு. மெக்வே அவரைச் சென்டருக்குப் பின்னாலேயே அடிக்கடி நிறுத்தினார். மாற்றியது வேறு: ஓட்டம் போலவே தோன்றித் தொடங்கும் பிளே-ஆக்‌ஷன் பாஸ்களைக் குவித்தார், ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரைக் குறுக்கே ஓடவிட்டார், அணியைச் சீக்கிரமே கோட்டுக்கு வரவழைத்து, ஒலிபெருக்கி துண்டிக்கப்படும் வரை காஃபின் காதில் பேசிக்கொண்டே இருந்தார். குறுக்கே ஓடுபவரைத் தொடர்ந்து ஒரு தற்காப்பாளர் ஓடினால் அது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல், யாரும் நகராவிட்டால் வட்டாரக் காவல் என்று பந்து வருவதற்கு முன்பே விளங்கிவிடும். ஓட்டத்தை நம்பி, தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னே வந்துவிட்டால், அவர்களுக்குப் பின்னால் திறக்கும் இடம் கண்ணுக்கே தெரியும். முதுகைப் பார்த்து எறிய வேண்டியதில்லை. காஃபின் பலம் துல்லியமான, அமைதியான எறிதல்; பலவீனம், குழப்பத்தை அந்த நொடியிலேயே அவிழ்ப்பது. முறை அந்த இரண்டாவது வேலையை அவரிடமிருந்து பெருமளவு எடுத்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை: அதே ஆண்டில் ராம்ஸ் அணி இடப்பக்க டாக்கிளாக (தடுப்பு வரிசையின் விளிம்பில் நிற்பவர்) ஆண்ட்ரூ விட்வொர்த்தையும், ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப், சாமி வாட்கின்ஸ் ஆகியோரையும் கொண்டுவந்தது. முறைக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் அணிக்குக் கைவைத்தியம் செய்யும்போது இதை மறக்காதீர்கள். ரிசீவர்கள் விலகவே முடியாத அணியில் எந்தப் பிளே-ஆக்‌ஷனும் அற்புதம் செய்யாது.

அறிகுறி: சாக்குகள் குவிகின்றன

பந்தை எறியுமுன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவதுதான் சாக். முதலில் கடிகாரம். ஸ்னாப் ஆனதிலிருந்து சாக் வரை எத்தனை நொடி என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். இரண்டரை நொடிக்குள் விழுந்தால் அது பெரும்பாலும் அவரைக் காக்கும் தடுப்பு வரிசையின் அல்லது அழைப்பின் பிழை. மூன்று நொடியைத் தாண்டி விழுந்தால் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்ற குவார்ட்டர்பேக்கையோ, திறக்கவே நேரம் பிடிக்கும் ரூட்களையோ (ரிசீவர்கள் ஓடும் பாதைகளையோ) சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதுக்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

அழைப்பின் பிழை எப்படியிருக்கும் என்பதற்கு 2021 செப்டம்பர் 26 அன்று கிளீவ்லாண்டில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். சிகாகோ பேர்ஸ் அணிக்காக ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் முதல்முறையாகத் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கினார். மிக வேகமான கால்கள், ஆழமாக எறியும் கை என்று இரண்டும் உடையவர். ஆனால் அன்றைய திட்டம் பெரும்பாலும் அவரைப் பாக்கெட்டுக்குள்ளேயே, அதாவது தடுப்பாளர்கள் அமைக்கும் காப்பு வளையத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்தது. விளிம்பில் மைல்ஸ் கேரட் போன்றவர் பாய்ந்து வரும்போது டாக்கிள்களுக்குத் துணையாக டைட் எண்டோ (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) ரன்னிங் பேக்கோ (பந்தோடு ஓடுபவர்) போதிய அளவு நிறுத்தப்படவில்லை. ஒன்பது சாக்குகள், அவற்றில் நாலரை கேரட்டுக்கு. 20 பாஸ்களில் 6 மட்டும் சேர்ந்தன. 68 யார்டு பாஸில் சாக் இழப்பைக் கழித்தால் எஞ்சியது ஒரே ஒரு யார்டு. அடுத்த வாரம் பிளே அழைக்கும் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளர் மேட் நேகியிடமிருந்து பில் லேசரிடம் போனது. டெட்ராய்ட்டை 24-14 என்று வென்றார்கள். ஒரே வாரத்தில் ஃபீல்ட்ஸ் புதிய ஆளாகிவிடவில்லை. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடுதான் மாறியது.

அழைப்பின் பிழையானால் செய்ய வேண்டியவை: விளிம்பில் நிற்கும் பலமான எதிரியை டைட் எண்ட் ஒருவர் தோளால் இடித்துவிட்டு ரூட்டுக்குப் போகட்டும், பாக்கெட்டையே நகர்த்துங்கள், அதாவது குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் உருண்டோடி எறியும் பிளேகளைச் சேருங்கள், மூன்றடிப் பின்வாங்கலில் உடனே போகும் பாஸ்களை முதல் டவுனிலேயே அழையுங்கள்.

மூன்று நொடிக்கு மேலான சாக்குகள் அதிகமானால் இந்த மருந்து பாதிதான் வேலை செய்யும். 2022-இல் ஃபீல்ட்ஸ் 55 முறை சாக் ஆனார்; அவற்றில் கணிசமானவை அவரே பந்தை விடாமல் வைத்திருந்ததால் வந்தவை. காலால் தப்பிக்கத் தெரிந்தவருக்கு, தப்பிக்கலாம் என்ற எண்ணமே பந்தை வைத்திருக்கத் தூண்டும். இவர்களுக்கு ஒவ்வொரு பிளேயிலும் முன்னரே தீர்மானித்த ஒரு வெளியேறும் வழி வேண்டும்: முதல் பார்வை இல்லை, இரண்டாவது பார்வை இல்லை என்றால், மூன்றாவதைத் தேடாமல் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்குக்குக் கொடு அல்லது ஓடு. பயிற்சியில் விசிலை இரண்டே முக்கால் நொடியில் ஊதிப் பழக்குவது, எவ்வளவு அறிவுரை சொன்னாலும் கிடைக்காத பலனைத் தரும்.

2024-இல் கேலப் வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆனபோது சிகாகோ இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கவனித்தது: அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது, தடுப்பு வரிசையின் நடு மூன்று இடங்களுக்கும் புது ஆட்களைக் கொண்டுவந்தது. காரணம் எது என்று பிரிக்க முடியாதபோது இதுவும் ஒரு வழிதான். பணமும் வாய்ப்பும் இருக்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: நடுக்களத்தில் இன்டர்செப்ஷன்கள்

பறிபோன பந்தைப் பிடித்தவர் யார் என்று பாருங்கள். ரிசீவரைக் காவல் காத்தவரே பிடித்திருந்தால் அது தாமதம் அல்லது துல்லியக் குறை. மேலே சொன்னதுதான் பொருந்தும். வேறெங்கிருந்தோ மிதந்து வந்த லைன்பேக்கரோ சேஃப்டியோ பிடித்திருந்தால், குவார்ட்டர்பேக் அவரைப் பார்க்கவே இல்லை. ஒரே ரிசீவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது, களம் முழுவதையும் வாசிக்கத் திணறுவது, உயரம் குறைவு என்பதால் தடுப்பு வரிசையின் முதுகுகளுக்குப் பின்னால் எதுவும் தெரியாதது என்று இதற்குக் காரணங்கள் பல.

களத்தின் அளவும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கல்லூரிக் களத்தில், பந்தை எங்கே வைக்கலாம் என்று வரையறுக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரத்தில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் குறுகியும் இருக்கும், தற்காப்பு அணியின் சாய்வும் அப்பட்டமாகத் தெரியும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், சேஃப்டிகள் கடைசி நொடி வரை தங்கள் நோக்கத்தை மறைத்து நிற்க முடிகிறது.

பூட்லெக் எனப்படும் பிளே இங்கே நன்றாக உதவும். எல்லோரும் இடப்பக்கம் ஓட்டம் என்று நகர, குவார்ட்டர்பேக் பந்தை மறைத்துக்கொண்டு வலப்பக்கம் உருண்டு வருகிறார்; அவர் கண்முன்னே ஒரே பக்கத்தில் கிட்டே ஒருவர், நடுத்தூரத்தில் ஒருவர், ஆழத்தில் ஒருவர் என்று மூன்று பேர் அடுக்காக ஓடுகிறார்கள். பாதிக் களத்தைத்தான் வாசிக்க வேண்டும், எதிரே மறைக்கும் முதுகுகளும் இல்லை. பேக்கர் மேஃபீல்டு 2019-இல் 22 டச்டவுன்களுக்கு 21 இன்டர்செப்ஷன்கள் கொடுத்திருந்தார். 2020-இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி வந்து பூட்லெக்கையும் பிளே-ஆக்‌ஷனையும் தாக்குதலின் நடுத்தூணாக்கியபோது அது 26-க்கு 8 ஆனது. கிளீவ்லாண்ட் 11 ஆட்டங்களை வென்று, பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபிலும் ஒன்றை வென்றது.

ஷாட்கனிலேயே வளர்ந்த சிலருக்கு, தற்காப்பு அணிக்கு முதுகைக் காட்டித் திரும்பும் அந்த ஒரு நொடியே பெரும் பயமாக இருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது படம் மாறியிருக்கும். அவர்களுக்கு இந்த மருந்தைக் கோடைப் பயிற்சியில் பழக்காமல் நடுப்பருவத்தில் கொடுக்கக் கூடாது.

அறிகுறி: பாஸ்கள் சேரும் விழுக்காடு மிகக் குறைவு

தவறிய பாஸ்களை வகைப்படுத்துங்கள். எல்லா வகையிலும், எல்லாத் தூரத்திலும் பந்து சிதறினால் காலடியும் தோளும் சரியில்லை. எந்த முறையும் அதைக் குணப்படுத்தாது, பருவம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. குறிப்பிட்ட சில வகைகளில் மட்டும் சிதறினால் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரந்தோறும் இருபது பிளேகளைக் காட்டி எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று குவார்ட்டர்பேக்கையே கேட்பது வெட்கப்பட வேண்டிய செயல் அல்ல.

இந்த இடத்தில் எல்லோரும் ஜாஷ் ஆலனை இழுப்பார்கள். பஃபலோ பில்ஸ் அணியில் 2018-இல் 52.8 விழுக்காடு, 2019-இல் 58.8, 2020-இல் 69.2. அந்த மூன்று ஆண்டுகளிலும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரே, பிரையன் டேபல். 2019-இல் ஜான் பிரௌனும் கோல் பீஸ்லியும், 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸும் வந்தார்கள். டிக்ஸ் அந்த ஆண்டு 127 பாஸ்களைப் பிடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். ஆலன் தன் எறியும் முறையையும் கோடைகளில் திருத்திக்கொண்டார். ஆக மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் கூடின. ஐம்பது விழுக்காட்டுக்காரர் ஒவ்வொருவரும் இன்னொரு ஆலன் என்று நம்பிக் காத்திருக்கும் அணிகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும், அது விதிவிலக்கு.

அறிகுறி: பாக்கெட்டில் நின்றால் தோல்வி, ஓடினால் வெற்றி

ஓடத் தெரிந்தவரை நிற்கவைத்து முதிர்ச்சி கற்பிக்கப் பார்ப்பது பழைய பயிற்சியாளர்களின் பிடிவாதம். 2021-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி ஜேலன் ஹர்ட்ஸை வைத்துப் பாஸை நம்பியே ஆடி, முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. எட்டாவது ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஓட்டத்துக்கு மாறி 44-6 என்று வென்றது. பருவ முடிவில் லீக்கிலேயே அதிக ஓட்ட யார்டுகள் அந்த அணிக்குத்தான். 9-8 என்று பிளேஆஃபுக்கும் போனது. மறு ஆண்டு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை சென்றபோது ஹர்ட்ஸ் பாஸிலும் தேர்ந்திருந்தார். ஓட்டம் அவருடைய பாஸ் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. அவர் கற்றுக்கொள்ளத் தேவையான காலத்தை வாங்கிக் கொடுத்தது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு ரீட்-ஆப்ஷன் பிளேயில் காணலாம். வழக்கமான ஓட்டத்தில் பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக் வெறும் பார்வையாளர். எனவே தற்காப்பில் ஒருவர் எப்போதும் உபரி. ரீட்-ஆப்ஷனில் விளிம்பில் நிற்கும் ஒரு தற்காப்பாளரை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி அந்த ஒருவரின் தோளையும் இடுப்பையும் பார்க்கிறார். தோள் உள்ளே சாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுகிறார். நிமிர்ந்து நின்றால் கொடுத்துவிடுகிறார். அந்தத் தற்காப்பாளர் எதைத் தேர்ந்தாலும் தவறாகிறது, உபரி ஆளும் கணக்கிலிருந்து போய்விடுகிறார். வாசிக்க வேண்டியதும் ஒரே ஒரு மனிதரைத்தான். இளைஞருக்கு இதைவிடத் தெளிவான கேள்வி வேறு இல்லை.

பக்க விளைவு காயம். இதற்கு எடுத்துக்காட்டாக 2012-இன் ராபர்ட் கிரிஃபினைச் சொல்வார்கள். மைக் ஷனஹனும் கைல் ஷனஹனும் பேய்லர் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியதைப் போன்ற பிளேகளை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 20 டச்டவுன் பாஸ்கள், 5 இன்டர்செப்ஷன்கள், 815 ஓட்ட யார்டுகள், 10-6 என்ற கணக்கில் பிரிவு வெற்றி. பிறகு முழங்கால் போயிற்று. ஆனால் டிசம்பரில் பால்டிமோருக்கு எதிராக முதல் அடி விழுந்தது ரீட்-ஆப்ஷனில் அல்ல, பாஸ் கிடைக்காமல் அவராக ஓடியபோது. ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிராகக் கால் முற்றிலும் மடிந்தது, மோசமான ஒரு ஸ்னாப்பைப் பிடிக்கப் போனபோது. அதற்குள் அவர் நொண்டிக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தார். முறையைக் குறை சொல்வதைவிட, காயம்பட்ட காலோடு அவரைக் களத்தில் விட்டுவைத்த முடிவைத்தான் குறை சொல்ல வேண்டும். எனவே ஓட்ட முறையை எடுத்துக்கொண்டால் கூடவே இதையும் செய்யுங்கள்: சறுக்கி விழவும் எல்லைக்கோட்டுக்கு வெளியே போகவும் பயிற்சி, ஆட்டத்துக்கு இத்தனை ஓட்டம் என்ற வரம்பு, கால் வலித்தால் வெளியே எடுக்கும் அதிகாரம் மருத்துவரிடம்.

அறிகுறி: முன்னே போன தடுப்பாளருக்காகக் கொடி விழுகிறது

ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் பிறகே தீர்மானிக்கும் ஆர்.பி.ஓ. பிளேகளை அப்படியே கல்லூரியிலிருந்து தூக்கி வந்தால் இது நடக்கும். பாஸ் எறியப்படும்போது தடுப்பு வரிசையினர் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். பந்து வேகமாகப் புறப்படும் ரூட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால் போதும்.

அறிகுறி: நன்றாக ஓடிய முறை திடீரென்று நின்றுவிட்டது

இது பொருத்தமின்மை அல்ல, எதிரிகள் படித்துவிட்டார்கள். 2018 நவம்பரில் ஜோ ஃபிளாக்கோவின் இடத்தில் இறங்கிய லமார் ஜாக்சன், பால்டிமோர் ரேவன்ஸுக்கு ஏழு ஆட்டங்களில் ஆறை வென்று கொடுத்தார். பிளேஆஃபில் சார்ஜர்ஸ் அணி, கனத்த லைன்பேக்கர்களுக்குப் பதிலாக வேகமான தற்காப்பாளர்கள் ஏழு பேரைக் களமிறக்கி அவரை மடக்கியது. பருவ நடுவில் அவசரமாக ஒட்டுப்போட்ட முறை அது. அதற்கு மேல் அதனிடம் பதில் இல்லை.

பால்டிமோரின் மறுமொழியை நான் மிகவும் மதிக்கிறேன். ஜாக்சனை மாற்ற முனையாமல், கிரெக் ரோமனை ஒருங்கிணைப்பாளராக்கி, தாக்குதலை அவரைச் சுற்றியே அடியிலிருந்து எழுப்பினார்கள். எதிரி மெலிந்த ஆட்களை இறக்கினால் இவர்கள் மூன்று டைட் எண்டுகளை இறக்கினார்கள்: மார்க் ஆண்ட்ரூஸ், நிக் பாய்ல், ஹேடன் ஹர்ஸ்ட். எதிரி கனத்த ஆட்களுக்குத் திரும்பினால் அதே டைட் எண்டுகள் நடுக்களத்தில் பாஸ் பிடித்தார்கள். ஜாக்சன் மிக நன்றாக எறிவதும் அங்கேதான். 2019-இல் 14-2, 531 புள்ளிகள், 36 டச்டவுன் பாஸ்கள், குவார்ட்டர்பேக் ஒருவரின் சாதனையான 1,206 ஓட்ட யார்டுகள், ஒருமனதாகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது. அதற்கும் ஒரு எல்லை இருந்தது: டென்னசிக்கு எதிரான பிளேஆஃபில் பின்தங்கியதும் ஜாக்சன் 59 பாஸ் எறிய வேண்டியதாயிற்று, 28-12 என்று தோற்றார்கள். முன்னிலையில் இருக்கும்போது மட்டும் பொருந்தும் முறையா உங்களுடையது என்று சோதிக்க, இரண்டாம் பாதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

காஃபுக்கும் இது நேர்ந்தது. 2018 பருவத்தின் சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து ஆறு பேரை முன்வரிசையில் நிறுத்தி ஓட்டத்தை அடைத்தது. ஓட்டம் இல்லாமல் பிளே-ஆக்‌ஷன் யாரையும் ஏமாற்றவில்லை. ராம்ஸ் எடுத்தது 3 புள்ளிகள்.

அறிகுறி: ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்தே தொடங்குகிறார்

இதை ஆட்டப் படத்தில் காண முடியாது. பணியாளர் பட்டியலில்தான் தெரியும். 2005-இன் முதல் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்துக்குச் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ஐந்து பருவங்களில் ஐந்து ஒருங்கிணைப்பாளர்கள்: மைக் மெக்கார்த்தி, நார்வ் டர்னர், ஜிம் ஹாஸ்ட்லர், மைக் மார்ட்ஸ், ஜிம்மி ரே. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அழைப்பு மொழி. ஒரே ரூட்டுக்கு நேற்று ஒரு பெயர், இன்று வேறு பெயர். முதல் ஆண்டில் ஒரு டச்டவுன் பாஸுக்குப் பதினொரு இன்டர்செப்ஷன் கொடுத்த அவர், 2011-இல் ஜிம் ஹார்பா வந்து வேலையைச் சுருக்கித் தெளிவாக்கியபோது 17-க்கு 5 என்று ஆடினார், அணி 13-3 என்று முடித்தது.

ஒருங்கிணைப்பாளரை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், குவார்ட்டர்பேக் பயிற்சியாளரையாவது வைத்துக்கொள்ளுங்கள். புதியவரிடம் வேலைக்குப் பேசும்போதே, தடுப்பு அழைப்புகளுக்கும் ரூட்களுக்கும் இருக்கும் பழைய பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, தன் புதிய பிளேகளுக்கு மட்டும் புதுப் பெயர் சூட்டச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். பெயர்களை ஒருவர் கற்பதா, களத்தில் இறங்கும் பதினொரு பேரும் கற்பதா என்று வந்தால், அந்த ஒருவரே கற்றுக்கொள்ளட்டும்.